மஞ்சள் தோட்டா

மேடம் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மரியாதைக்காக இல்லை, உயிர் பயம்.

"கொசு, காதைப் பொத்திக்கோ" என்றார்.

கொசு என்பது நான்தான். எங்கள் துப்பறியும் ஏஜென்சியில் மொத்தம் இரண்டே பேர். மூளை அவருடையது, வாய் என்னுடையது. காதருகே ஓயாமல் ரீங்கரிக்கிறேன் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே இந்தப் பெயரை வைத்துவிட்டார். என் சொந்தப் பெயரை இப்போது என் அம்மா மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார், அதுவும் திட்டுவதற்கு.

நாங்கள் நின்றது ஊருக்கு வெளியே போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகும் கைவிடப்பட்ட கல்குவாரி. எதிரே மண்மேடு. பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கையைக் கட்டிக்கொண்டு, மனசுக்குள் எங்களைச் சபித்துக்கொண்டு. மேடத்தின் கையில் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். போன வாரம் ஒரு விவசாயி சாகும்போது அவர் கையில் இருந்த அதே துப்பாக்கி.

கதை இதுதான். அந்தி சாயும் நேரம், மக்காச்சோளக் காட்டுக்குள் காட்டுப்பன்றி புகுந்தது. காவலுக்கு இருந்த விவசாயி சுட்டார். அடிபட்ட பன்றி ஓடவில்லை, திரும்பி அவர் மேலேயே பாய்ந்தது. அவர் மறுபடி விசையை அழுத்தியிருக்கிறார். துப்பாக்கி சத்தம் போடவில்லை. வெடித்து முடித்த முதல் தோட்டாவின் காலிக் கூடு, வெளியே விழாமல், துப்பாக்கியின் பக்கவாட்டு ஜன்னலில் பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு நின்றது. ஆள் போய்விட்டார்.

விபத்து என்று போலீஸ் மூட்டை கட்டப் பார்த்தது. அவர் மனைவி விடவில்லை. 'எங்க வீட்டுத் துப்பாக்கி ஒரு நாளும் சிக்கினதில்லை, யாரோ கை வெச்சிருக்காங்க' என்று எங்களிடம் வந்தார். சாவுக்கு முந்தின நாள் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டியது செத்தவரின் தம்பி. அண்ணனும் தம்பியும் களத்தில் கூச்சல் போட்டுச் சண்டை பிடித்ததை டிராக்டர்காரர் பார்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் தம்பியைத் தூக்கி உள்ளே வைத்தார். இரண்டு நாள் இல்லை இல்லை என்றவன், நேற்று தானாகவே ஒத்துக்கொண்டான். இன்று மத்தியானம் கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் முன்னால் அதையே சொல்லப் போகிறான். சொல்லிவிட்டால் அப்புறம் அவன் கதை முடிந்தது.

மேடம் மஞ்சள் நிறத் தோட்டாக்களை நிரப்பினார். செத்தவரின் இடுப்பு பெல்ட்டில் மிச்சமிருந்தவை. சுட்டார்.

டமார். அவ்வளவுதான். காலிக் கூடு ஜன்னலில் மாட்டிக்கொண்டது.

"இதைத்தான் நேத்து நானே செஞ்சு பார்த்தேனே" என்றார் இன்ஸ்பெக்டர். "அவனே சொல்லிட்டான் மேடம், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைத் தளர்த்தி விட்டேன்னு. இன்னும் என்ன?"

மேடம் கைப்பையைத் திறந்தார். சிவப்பு நிறத் தோட்டாக்கள். செத்தவரின் அலமாரியில் தூசி படிந்த பெட்டியிலிருந்து நேற்று வாங்கி வந்தவை. நிரப்பினார்.

டமார், டமார், டமார், டமார். காலிக் கூடுகள் ஒவ்வொன்றாகத் துள்ளித் தூரமாய் விழுந்தன. துப்பாக்கி ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. எனக்குத்தான் காது போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இந்த மாதிரித் துப்பாக்கி, வெடிக்கிற உதையிலதான் வேலை செய்யும்" என்றார் மேடம். "அந்த உதைதான் ஸ்பிரிங்கைத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிஞ்சு, அடுத்த தோட்டாவை ஏத்தும். சிவப்பு, மருந்து ஜாஸ்தி. பன்னிக்கு. மஞ்சள், மருந்து கம்மி. களிமண் தட்டை மேலே எறிஞ்சு விளையாட்டா சுடுவாங்களே, அவங்களுக்கு. அந்த உதை இந்தத் துப்பாக்கிக்குப் பத்தாது."

"பயில்வானுக்குப் பத்தியச் சாப்பாடு போட்ட மாதிரி" என்றேன்.

"அதேதான். இப்போ ஸ்பிரிங்கைத் தளர்த்தினா என்ன ஆகும் இன்ஸ்பெக்டர்?"

அவர் யோசித்தார். "தள்ளுறது... சுலபமாகும்."

"ஆமாம். மஞ்சள் தோட்டாகூட ஓடியிருக்கும். அந்தப் பையன் சொல்ற குற்றத்தை அவன் நிஜமாவே செஞ்சிருந்தா, அவங்க அண்ணன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு காலிக் கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பொய் சொல்றானா? தூக்குக் கயித்துக்கு எவனாவது கழுத்தைக் கடன் கொடுப்பானா?"

"நேத்து எப்போ ஒத்துக்கிட்டான்? சரியா எந்த நேரத்துல?"

"ஸ்டேஷன் பின்னாடி சுட்டுப் பார்த்தேன். அவனை நிக்க வெச்சிருந்தேன். அவங்க அண்ணியும் வந்திருந்தாங்க. கூடு சிக்கினதும் அந்த அம்மா, 'ஏன் சார் சிக்குது?'ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் குறுக்கே புகுந்து, 'நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்'னு கத்திட்டான். அந்த அம்மா அங்கேயே அவனை அறைஞ்சாங்க."

மேடம் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அவர் மூளை ஓட ஆரம்பித்தால் கண்ணாடி மேலே போகும்.

"துப்பாக்கியில யாரும் கை வைக்கலை. அதோட தீனியை மாத்தியிருக்காங்க. மஞ்சள் தோட்டா எப்படி அந்த பெல்ட்டுக்கு வந்துச்சு? கொசு, வண்டியை எடு."

*

செத்தவரின் வீடு சோளக்காட்டை ஒட்டி இருந்தது. வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தலை வாரவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் கல்யாணமாகி வந்தப்போ அவனுக்கு முன்பல் விழுந்திருந்துச்சு" என்றார், நாங்கள் எதுவும் கேட்காமலே. "மாமியார் இல்லை. நான்தான் குளிப்பாட்டி, தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பினேன். எனக்குன்னு ஒண்ணு பிறக்கலை, அவன் இருக்கான்னு இருந்தேன். அவன் என் தாலியில கை வெச்சிட்டானே. தூக்குல தொங்கணும் மேடம். நான் நின்னு பார்க்கணும்."

நான் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாளா எப்படி இருந்தார்?" என்றார் மேடம்.

"தோள்ல ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் பிரிச்ச மறுநாளே காவலுக்குப் போயிட்டார். சொன்னா கேட்கிற ஆளா? அப்புறம் நடுவிரல்ல ஒரு காயம். ஆறவே இல்லை. என்னன்னு கேட்டா முள்ளு குத்திச்சும்பார். தினமும் நான்தான் மருந்து போட்டு விட்டேன்." தன் நடுவிரலைத் தொட்டுக் காட்டினார். "நல்லா தைரியமா இருந்தார் மேடம். சிரிச்சுக்கிட்டே இருந்தார்."

அவர் காவல் இருந்த இடத்துக்குப் போனோம். காட்டின் ஓரத்தில் இடுப்பளவு கல் சுவர், அதன் பின்னால் ஒரு மர ஸ்டூல். பன்றி பாய்ந்த இடம் இன்னும் சற்றுத் தள்ளி. அங்கே நான் பார்க்கவில்லை. மேடமும் பார்க்கவில்லை. அவர் குனிந்து புல்லைத்தான் பார்த்தார்.

"கொசு, வலது பக்கம் போய்த் தேடு. என்ன கிடைக்குது?"

நன்றாகத் தள்ளிப் போனதும் புல்லுக்குள் பழைய காலிக் கூடுகள் கிடைத்தன. வெயிலிலும் மழையிலும் சாயம் போன சிவப்பு.

"சிவப்பு மேடம். எல்லாம் பழசு. துள்ளி வந்து விழுந்திருக்கு."

"மஞ்சள்?"

"இங்க ஒண்ணுகூட இல்லை."

"இங்க வா."

ஸ்டூலின் காலடியில் மஞ்சள் கூடுகள் குவிந்து கிடந்தன. புதுசு, பளபளவென்று. ஒன்றுகூட ஓர் அடி தாண்டிப் போகவில்லை. துப்பாக்கி எறிந்திருந்தால் இப்படி விழாது. ஒவ்வொன்றையும் ஒரு மனுஷன் பக்கவாட்டுக் கொக்கியை விரலால் இழுத்து, எடுத்துக் கீழே போட்டிருக்கிறார். எனக்கு அந்த நடுவிரல் காயம் ஞாபகம் வந்தது. முள்ளாவது, குத்தறதாவது.

"மேடம், இவருக்குத் தெரிஞ்சிருக்கு! சிக்குதுன்னு தெரிஞ்சே பல நாளா இதைச் சுட்டிருக்கார்."

"ஆமாம்."

"ஏன்? அலமாரி நிறைய சிவப்பு இருக்கே. இவருக்கென்ன தலையெழுத்தா?"

மேடம் ஒரு மஞ்சள் கூட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார்.

"அந்த அம்மாகிட்டயே பெல்ட்டை யார் நிரப்பினதுன்னு கேட்டுடலாமா?" என்றேன்.

"இப்போ அவங்ககிட்ட எதைக் கேட்டாலும் கொழுந்தன் தலையில இன்னொரு கல்லைப் போடுவாங்க. முதல்ல கடை. இதை விக்கிற கடை டவுன்ல ஒண்ணுதான் இருக்கு."

*

வண்டியில் போகும்போது நான் கேஸை முடித்தே விட்டேன்.

"தம்பிதான் மேடம். ஸ்பிரிங்குல கை வெச்சா மாட்டிக்குவோம்னு தோட்டாவை மாத்தியிருக்கான். அண்ணனை ஏதோ சொல்லி மிரட்டி இதையே போட வெச்சிருக்கான். கடைக்காரர் அவனை அடையாளம் காட்டுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நாம வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்போ ஸ்பிரிங்னு ஏன் பொய் சொன்னான்? ஒத்துக்கிறவன் தோட்டான்னே ஒத்துக்கலாமே."

ரேடியோவைப் போட்டேன். அவர் அணைத்தார்.

கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பேசத் தொடங்கினேன்.

"அண்ணே, இந்த மஞ்சள் தோட்டாவை வாங்கினது ஒரு ஒல்லிப் பையன்தானே? இருபத்தஞ்சு வயசு, திருட்டு முழி?"

"இதுவா? இதெல்லாம் விளையாட்டுக்குச் சுடறவங்கதான் வாங்குவாங்க தம்பி. காட்டு வேலைக்கு ஆகாது." கூட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒரே ஒருத்தர்தான் வந்தாங்க, விவசாய வீட்டுல இருந்து. பையன் இல்லை. ஒரு அம்மா. அவங்க பேர்லயும் லைசென்ஸ் இருந்துச்சு."

என் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அந்த வாசலும், இரண்டு டம்ளர் தண்ணீரும், தூக்குல தொங்கணும் என்ற குரலும் மாறி மாறி வந்தன. அடிப்பாவி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, மேடம் முந்திக்கொண்டார்.

"என்ன சொல்லிக் கேட்டாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. துப்பாக்கி என்ன ரகம்னே அவங்களுக்குச் சொல்லத் தெரியலை. 'வீட்டுக்காரருக்குத் தோள்ல ஆபரேஷன் ஆகியிருக்கு, ஒவ்வொரு தடவை சுடும்போதும் பல்லைக் கடிச்சுக்கறார், தோள்ல இடிக்காத தோட்டா ஏதாச்சும் இருக்கா'ன்னாங்க. இருக்கறதுலேயே மென்மையானது இதுதான்னு எடுத்துக் கொடுத்தேன். ஒரு சந்தோஷம் பாருங்க அவங்களுக்கு! கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. ஏன்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை" என்றார் மேடம். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டார்.

வண்டிக்கு வந்தும் நான் சாவியைத் திருகவில்லை. கொலைகாரனைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கிடைத்தது ஒரு பெண்டாட்டியின் அன்பு. இதை எந்தக் கூண்டில் நிறுத்துவது?

*

லாக்கப்பில் தம்பி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் அண்ணியின் விரல் தடம் இன்னும் போகவில்லை. மேடம் கம்பிக்கு இந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மஞ்சள் தோட்டா வாங்கினது யாருன்னு தெரிஞ்சுபோச்சுப்பா."

அவன் சடாரென்று எழுந்து கம்பியைப் பிடித்தான். அவன் வாயில் வந்த முதல் கேள்வி இதுதான்:

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

மேடம் இல்லை என்று தலையாட்டினார். அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். எனக்கு அவனை ஓர் அறை விடவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

"முதல் நாளே சிக்கிச்சு மேடம்" என்றான். "அண்ணன் சிரிச்சுட்டு, 'விடுடா, கையால இழுத்துக்கறேன், பன்னியை விரட்ட ஒரு சத்தம் போதும்'னார். தினமும் சாயங்காலம் அண்ணியே பெல்ட்டுல ஒவ்வொண்ணாச் சொருகி, அவர் இடுப்புல கட்டி விடுவாங்க. திரும்பி வந்ததும் 'தோள் வலிச்சுதா'ன்னு கேப்பாங்க. இவர் இல்லைம்பார். 'நிஜமாவே வலிக்கலைடா, அவ சொன்னது சரிதான்'னு என்கிட்டயும் சொன்னார்."

"சண்டை அதுக்குத்தானா?"

"வேற எதுக்கு? 'அண்ணிகிட்ட சொல்லிடு, இல்லேன்னா நான் சொல்றேன்'னேன். 'சொன்னே, உன்கூடப் பேச மாட்டேன்'னார். 'அவ முகத்துல சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா? எனக்கு ஆபரேஷன்னதுல இருந்து அவ தூங்கலை. ஆசையா வாங்கி வந்திருக்கா, அது உதவாதுன்னு எந்த வாயால சொல்றது? தோள் ஆறட்டும், பழசுக்கே மாறிடுறேன்'னார். சரி, பாக்கெட்டுல நாலு சிவப்பாவது வெச்சுக்கோன்னு கெஞ்சினேன். வெச்சுக்கறேன்னார்."

"வைக்கலை."

"வைக்கலை." அவன் முகத்தைத் துடைத்தான். "நேத்து துப்பாக்கி சிக்கினதும் அண்ணி ஏன்னு கேட்டாங்க. இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். என்ன சொல்றேன்னே தெரியாம கத்திட்டேன்."

"அதனால தூக்குல தொங்கப் போறியா?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"சார், அவங்களுக்கு இப்போ என் மேல கோவம் இருக்கு. கோவம் இருக்கற வரைக்கும் எழுந்து நடமாடுவாங்க, கோர்ட்டுக்கு வருவாங்க, என்னைச் சபிப்பாங்க. கோவப்பட ஆள் இல்லைன்னா அது அவங்க மேலேயே திரும்பிடும். அண்ணன் போயிட்டார். அண்ணியும் போகணுமா?" அவன் கம்பி வழியாகக் கை நீட்டி மேடத்தின் காலைத் தொடப் பார்த்தான். "சொல்லாதீங்க மேடம். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

மேடம் எழுந்தார். புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டக்கூட இல்லை. வெளியே வந்ததும் நான் அவர் வழியை மறித்தேன்.

"மேடம், தோட்டா பழுதுன்னு சொல்லிடலாம். கம்பெனித் தப்பு. இவனும் வெளியே வந்துடுவான், அந்த அம்மாவுக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு பொய். நான் சொல்றேன், நீங்க சொல்ல வேண்டாம்."

"விடற ஆளா கொசு அவங்க? விபத்துன்னு போலீஸ் சொன்னதையே ஒத்துக்காம நம்மகிட்ட வந்தவங்க. கம்பெனின்னு சொன்னா நாளைக்கே கடைக்குப் போய் நிப்பாங்க. கடைக்காரர் யதார்த்தமா ரெண்டு வார்த்தை பேசுவார். யாரும் பக்கத்துல இல்லாத நேரத்துல, நடு ரோட்டுல அவங்களுக்கு விளங்கும். அதுக்கு நாம உட்கார வெச்சுச் சொல்றது தேவலை."

அவர் சொன்னது சரி. ஆனாலும் அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

*

அந்த அம்மா ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தனை வண்டியில் ஏற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தூணோரம் நின்றேன்.

"உங்க கொழுந்தன் இதைச் செய்யலைம்மா. பொய்யா ஒத்துக்கிட்டிருக்கான்."

"அப்போ யாரு?"

மேடம் பதில் சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ கொலைகாரர்களை முகத்துக்கு நேரே விரல் நீட்டிக் காட்டியவர். பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த காணாமல் போனவர்கள் அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தேன்.

"ஏன் ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறீங்க?"

அப்புறம் மேடம் சொன்னார். சுற்றி வளைக்காமல், குரலை ஏற்றாமல், அந்த அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். துப்பாக்கியில் குறை இல்லை. தோட்டாவிலும் குறை இல்லை. அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாவின் உதை பத்தவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அவர் அழவில்லை. நெற்றியைச் சுருக்கி, வழி தெரியாத ஊரில் விலாசம் கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோள்ல இடிக்காதுன்னுதானே வாங்கினேன்" என்றார்.

"ஆமாம்மா."

"அவருக்குத் தெரியுமா? சிக்குதுன்னு?"

மேடத்துக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும்."

"அந்த விரல் காயம்..."

"அதனாலதான்."

அந்த அம்மா தன் கைகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது வந்த சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு எழுதவும் தெரியாது. உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்த கான்ஸ்டபிள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

எவ்வளவு நேரமோ ஆனது. அவர் எழுந்து நேரே லாக்கப்புக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். தம்பி அவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டான்.

"அண்ணி, இவங்க சொல்றதை நம்பாதீங்க. நான்தான் செஞ்சேன். ஸ்பிரிங்கை நான்தான்..."

"நிறுத்துடா."

அவன் நிறுத்தவில்லை. "சத்தியமா நான்தான் அண்ணி, அவர் மேல எனக்குக் கோவம்..."

"பொய் சொல்லும்போது நீ மூக்கைத் தேய்ச்சுக்குவே. சின்னதுல இருந்து. நேத்தும் தேய்ச்சே. நான் பார்த்தேன்." அவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "பார்த்துட்டும் நம்பினேன். உன்னை அடிச்சேன். உனக்குச் சாவு வரணும்னு வேண்டிக்கிட்டேன். யார் மேலயாவது பழியைப் போடணும்னு இருந்துச்சுடா எனக்கு."

"போடுங்க அண்ணி. என் மேலயே போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? நீங்க ரெண்டு பேரும் ஏன்டா சொல்லலை? ஒரு வார்த்தை. திட்டியிருக்கலாமே. 'உனக்கு என்ன தெரியும், பேசாம இரு'ன்னு ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தா அவர் இருந்திருப்பாரே. யார் கேட்டா இந்தப் பாசத்தை?"

கம்பிக்கு உள்ளே அவன் அழுதான், வெளியே அவர் அழுதார். நடுவில் இன்ஸ்பெக்டர் சாவிக் கொத்தோடு நின்று, எந்தச் சாவி என்று தெரியாதவர் போல ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். எந்தச் சாவி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கோர்ட் வண்டி வந்துடும் சார்" என்றார் மேடம் மெதுவாக.

"வந்தா திரும்பிப் போகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதுறதை நான் பிறகு எழுதிக்கறேன். பொய் வாக்குமூலம் கொடுத்ததுக்கு இவனை நாலு சாத்து சாத்தணும். அதையும் பிறகு பார்த்துக்கறேன்."

பூட்டு திறந்தது. அவன் வெறுங்காலோடு வெளியே வந்து, அண்ணிக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டான். கிட்டே போகலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கான்ஸ்டபிள் அவன் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். அந்த அம்மா குனிந்து அதை அவன் கால் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவன் பதறிப்போய் "ஐயோ, வேண்டாம் அண்ணி" என்று விலகினான்.

அவர் நிமிரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்கு வாடா" என்றார். "என்னைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போயிடாதே. எனக்கு என்னை நெனச்சாலே பயமா இருக்கு."

அவன் ஒற்றைச் செருப்போடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டான்.